கொடைக்கானலுக்கு வாங்கிய வண்டி, எஸ்.எஸ். காலனிச் சந்தில்

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பதினாறு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். அடுத்தவர் வரவு செலவில் ஐம்பது ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் சொந்தக் காசில் இருபது லட்ச ரூபாய்க்கு வண்டி எடுக்கும்போது, பள்ளிக்கூடப் பிள்ளை போடக்கூடிய ஒரு கணக்கைப் போடாமல் விட்டேன். வீட்டுக்காரர் மஸ்கட்டில், தம்பி சென்னையில். ஷோரூம், பேங்க், சர்வீஸ் சென்டர், கடைசியில் மெக்கானிக் ஷெட் என்று எல்லா இடத்துக்கும் தனியாகத்தான் அலைந்தேன். போன இடத்திலெல்லாம் "சார் வரலையா மேடம்?" என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்வியின் எரிச்சலிலேயே பல இடங்களில் கேட்க வேண்டியதைக் கேட்காமல், எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டினேன்.

வண்டி மாற்ற வேண்டும் என்ற எண்ணமே அப்பாவின் முழங்காலில் இருந்து வந்தது. எங்களிடம் இருந்தது பத்து வருடப் பழைய சின்ன கார். அதில் ஏற அவர் குனிந்து, தலையை முதலில் உள்ளே விட்டு, அப்புறம் தொப்பென்று விழுந்துதான் உட்கார வேண்டும். இறங்கும்போது கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொங்கி எழுவார். 2023 ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சித்தப்பாவின் எஸ்யூவியில் ஏற்றினோம். சீட் இடுப்பு உயரத்தில் இருந்தது. வேட்டியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே எடுத்து வைத்தார். "ஏத்தா, இது திண்ணையில உக்காந்த மாதிரில்ல இருக்கு" என்றார். எனக்குள் அன்றைக்கே முடிவாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எடுத்த முடிவு இன்றுவரை சரி. வீட்டில் வயசாளி இருந்தால் அவரை ஷோரூமுக்குக் கூட்டிப்போய் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். சும்மா உட்காரவைத்து "நல்லாருக்காப்பா?" என்று கேட்டால் ஏசி குளிரில் எல்லாரும் நல்லாருக்கு என்றுதான் சொல்வார்கள். இறங்கும்போது முகத்தைப் பாருங்கள். ஸ்கார்ப்பியோ மாதிரி உயரமான வண்டிகளில் அப்பாவுக்குக் கால் எட்டவில்லை, படி வைத்து ஏற வேண்டியிருந்தது. உயரம் கூடக்கூட நல்லது என்றில்லை.

சரி, எந்த எஸ்யூவி? இதில் இரண்டு சாதி உண்டு. நாலு மீட்டருக்குள் அடங்கும் பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ வகை ஒன்று. நாலேகால் மீட்டருக்கு மேல் நீளும் கிரெட்டா, செல்டோஸ், கிராண்ட் விட்டாரா, எலிவேட் வகை இன்னொன்று. சீட் உயரம் இரண்டிலும் அப்பாவுக்கு ஒத்துவந்தது. சின்னதிலேயே நின்றிருக்கலாம். ஆனால் ஷோரூமில் பெரிய வண்டியின் டிக்கியைத் திறந்து காட்டினதும், கொடைக்கானலுக்கு ஐந்து பேர் பெட்டியோடு போகிற காட்சி மனதில் ஓடிவிட்டது. பெரியதுதான் என்று முடிவு செய்தேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. என் கதை எந்தக் கம்பெனியின் டீசல் வண்டியிலும் நடக்கக்கூடியதுதான்.

அடுத்தது, பெட்ரோலா டீசலா. வீட்டுக்காரர் போனில் "டீசலே எடு, மைலேஜ் வரும், மலையேறும்போது சும்மா இழுக்கும்" என்றார். சித்தப்பா அதையே சொன்னார். எதிர்வீட்டுக்காரர், ஆபீஸ் சார், பேப்பர் போடுகிற தம்பி வரைக்கும் டீசல்தான். விற்பனைப் பையன் ஒருவன் மட்டும் "மாசம் எவ்வளவு ஓட்டுவீங்க மேடம்?" என்று கேட்டான். "நிறைய" என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. நிறைய என்றால் எவ்வளவு? பையனின் பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். அங்கிருந்து ஆபீஸ் இன்னொரு இரண்டு. சாயங்காலம் டியூஷன், மளிகை, அப்பாவுக்கு ஆஸ்பத்திரி. ஒரு மாதத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஒவ்வொரு ஓட்டமும் பத்து நிமிஷம், கால் மணி நேரம். எஞ்சின் சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுவேன்.

நான் போடாமல் விட்ட கணக்கு இதுதான். அதே வேரியன்ட்டில் டீசலுக்குக் கூடுதல் விலை ஒன்றரை லட்சம், வரியோடு சேர்த்து ஒன்றேமுக்கால் லட்சம். ஊருக்குள் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்து, கிலோமீட்டருக்கு 9 ரூபாய் 18 காசு. டீசல் 93 ரூபாய், 14 கிலோமீட்டர் என்றால் 6 ரூபாய் 64 காசு. மிச்சம் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் சொச்சம். கூடுதலாகக் கொடுத்த ஒன்றேமுக்கால் லட்சத்தைத் திருப்பி எடுக்க ஏறக்குறைய 69,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 600 என்றால் ஒன்பதரை வருடம்! இதை நான் ஆபீஸ் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தது வண்டி வாங்கி ஒரு வருடம் கழித்து. ஏன் முன்னமே போடவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. ஆசை வந்துவிட்டால் கால்குலேட்டர் கையில் ஏறாது போல.

கால தாமதத்தில் போனது தனி. ஆவணியில் முடிவு செய்தவள் ஐப்பசி வரைக்கும் வேரியன்ட், கலர் என்று இழுத்தேன். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியை ஏற்றினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள வண்டிக்கு 15 சதவீதமாக இருந்தது 18 ஆனது. என் வண்டியின் ஷோரூம் விலை 16,20,000. மூன்று சதவீதம் என்றால் 48,600 ரூபாய். வெள்ளையா சாம்பலா என்று யோசித்ததற்கு இவ்வளவு விலை. எடுத்தது வெள்ளைதான், முதல் நாளே எடுப்பதாக இருந்ததும் வெள்ளைதான்.

மார்கழியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். தை பிறந்ததும் எடுக்கலாம் என்று முன்பணம் கட்டினேன். இங்கே இன்னொரு பள்ளம். தையில் கூட்டம் அலைமோதும்போது, போன வருடம் தயாரித்து மிச்சமிருக்கும் வண்டிகளும் சேர்ந்து வெளியேறிவிடும். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பெரிய அட்டைச் சாவியோடு போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். ஆர்சி கையில் வந்தபோதுதான் பார்க்கிறேன், தயாரிப்பு மாதம் 2023 செப்டம்பர். 2024 வண்டி என்று நினைத்து, ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லாமல், முந்தின வருடத்து வண்டியை எடுத்திருக்கிறேன். நாளைக்கு விற்கப்போனால் முதல் கேள்வியே "எந்த வருச மேக்?" என்பதுதான். ஷோரூமில் போய்க் கேட்டேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்போமே மேடம்" என்று சிரித்தார்கள். அது உண்மையும்கூட. அதனால் கேளுங்கள். முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியை யார்டில் போய்ப் பாருங்கள். படிவம் 22 என்று ஒன்று கம்பெனியிலிருந்து வரும், அதில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 3523 என்றிருந்தால் 2023ஆம் வருடம் 35ஆம் வாரம் செய்த டயர். டயர் வண்டியைவிடச் சில வாரங்கள் முந்தியதாக இருக்கலாம், மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் விசாரியுங்கள். பழைய வருடத்து வண்டியை வாங்கவே கூடாது என்றில்லை. அதற்குரிய விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

காப்பீட்டை ஷோரூமிலேயே எடுத்தேன், 78,000 ரூபாய். அதே வசதிகளோடு, வண்டிக்கு அதே காப்பீட்டு மதிப்புக்கு, வெளியில் பிரீமியம் 57,000 என்று பிறகு தெரிந்தது. அவர்கள் சொல்கிற இடத்தில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் டெலிவரி தள்ளிப்போகுமோ என்ற பயம், தை வெள்ளிக்கிழமை போய்விடுமோ என்ற பயம். தேய்மானம் கழிக்காத பாலிசியா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், அது நல்லதாகப் போயிற்று. சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிக் காசுதான் வரும், இந்தக் காலத்து வண்டியின் முகம் முழுக்கப் பிளாஸ்டிக். நான் ஏமாறாத ஒரே இடம் டிசிஎஸ். பத்து லட்சத்துக்கு மேல் போகும் வண்டிக்கு ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். எனக்கு 16,200. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிவிட்டேன். எங்கள் ஆபீசுக்கு வருபவர்களில் பாதிப்பேர் அதைக் கேட்காமலே விட்டிருக்கிறார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே அடுத்த பாடம். எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ சுவரிலிருந்து கேட் வரைக்கும் பதினைந்து அடி. வண்டி பதினாலு அடி சொச்சம். கணக்கில் சரியாக வருகிறது, இல்லையா? கேட் உள்பக்கமாகத் திறக்கிற ரெட்டைக் கதவு. வண்டி உள்ளே நின்றால் கதவு மூடாது. முதல் ராத்திரி கேட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, அப்பா திண்ணையில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். காவலுக்காம். மறுவாரம் வெல்டிங்காரரைக் கூப்பிட்டுத் தள்ளுகிற கேட்டாக மாற்றினேன், 38,000. சந்து பன்னிரண்டு அடி அகலம், அதில் ஒரு ஓரம் மின்கம்பம், மறு ஓரம் பைக்குகள். வண்டியின் அகலம் ஒன்றேமுக்கால் மீட்டருக்கு மேல் என்று புத்தகத்தில் போட்டிருப்பான், ஆனால் அது பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு. கண்ணாடிகளை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும். சந்திலிருந்து கேட்டுக்குள் திருப்ப மூன்று தடவை முன்னேயும் பின்னேயும் போக வேண்டும். அப்படிப் போகும்போது எதிர்வீட்டு அக்காவின் கோலத்தில் டயர் ஏறாமல் இருக்கவே இருக்காது. "ஒரு நாளாச்சும் எங்கோலத்த முழுசா விட்டிருக்கியாத்தா?" என்று கேட்டவர், இப்போதெல்லாம் நான் ஆபீஸ் போன பிறகுதான் வாசல் தெளிக்கிறார். டெஸ்ட் டிரைவ் என்று பைபாஸ் ரோட்டில் கொண்டுபோய் வேகம் காட்டுவார்கள். அது எந்த வண்டியும் நன்றாக ஓடுகிற ரோடு. உங்கள் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் கேட்டுக்குள் விடச் சொல்லுங்கள். நான்கு கதவையும் திறந்து, போர்ட்டிகோவில் அப்பா இறங்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மே மாதம் கொடைக்கானல் போனோம். அந்த மாதம்தான் இ-பாஸ் முறை வந்திருந்தது, செல்போனில் பதிந்து எடுத்துக்கொண்டோம். வத்தலகுண்டு தாண்டி மலையேறும்போது, சொல்லக்கூடாது, வண்டி தேர் மாதிரி போனது. மூன்றாவது கியரிலேயே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியது. அப்பாவுக்கு ஒரு வாந்தி இல்லை. இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் இரண்டாவது கியரில் விட்டுவிட்டேன், எஞ்சினே பிடித்துக்கொண்டது. இந்த வண்டியை எதற்காக வாங்கினேனோ அது அந்த இரண்டு நாளும் கிடைத்தது. வருடத்தில் மிச்சம் 363 நாள் இருக்கிறதே!

சன்ரூஃப் பற்றிக் கேட்டால் ஒரு வரி சொல்வேன். பையன் ஆசைப்பட்டான் என்று மேல் வேரியன்ட் எடுத்தேன். மதுரை வெயிலில் பங்குனியிலிருந்து ஆவணி வரை அதன் திரையைத் திறக்கக்கூட முடியாது. கொடைக்கானலில் ஒரு தடவை திறந்தோம், மழை வந்தது, மூடினோம்.

2024 செப்டம்பரில், ஐந்தாயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு. ஒரு குழாய், அதன் நடுவில் புள்ளி புள்ளியாக. புத்தகத்தை எடுத்துப் பார்க்கவில்லை. வண்டி நன்றாகத்தான் ஓடியது. சர்வீசுக்கு விடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நவம்பரில் ஒரு நாள் அப்பாவை முழங்கால் டாக்டரிடம் கூட்டிப்போகும்போது, காளவாசல் பாலம் ஏறுகிற இடத்தில், வண்டி இழுப்பை விட்டுவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முக்கிக்கொண்டு இருபதில் போகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கை வரவில்லை. பின்சீட்டில் அப்பா, "பதறாத தாயி, பைய ஓரங்கட்டு" என்றார். பாலம் இறங்கி ஓரத்தில் நிறுத்திவிட்டு, ஆட்டோவில் அப்பாவை ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். இருபது லட்சத்தை நினைத்துத்தான் அழுதேன், வேறொன்றும் இல்லை.

சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள், டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி கரியால் அடைத்துக்கொண்டதாம். கம்ப்யூட்டரை மாட்டி அந்தக் கரியை எரித்துவிட்டு, எஞ்சின் ஆயிலும் மாற்றி 11,400 ரூபாய். வாரண்டி இல்லையா என்று கேட்டதற்கு, "ஓட்டுற முறையால வர்றது மேடம், அதுக்கு வராது" என்றார்கள். எப்படி ஓட்ட வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வண்டி பதினொரு நாள் அங்கே நின்றது. ஆட்டோவுக்கு 4,200. திரும்பி வந்து அதே பள்ளிக்கூடம், அதே ஆபீஸ். 2025 பிப்ரவரியில் மறுபடியும் அதே விளக்கு. இந்தத் தடவை அந்த வடிகட்டியையே மாற்ற வேண்டும், 1,38,000 ஆகும் என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்" என்பார், டீசல் எடுக்கச் சொன்னது அவர்தான் என்றாலும்.

ஆபீசுக்கு வருகிற ஒருவர் சொல்லி, லாரி, டிராக்டர் எல்லாம் பார்த்துப் பழகிய ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஷெட் என்றால் தகரக் கொட்டகைதான், ஆனால் ஸ்கேனர் வைத்திருந்தார். "சார் வரலையா" என்று கேட்காத முதல் ஆள். பானெட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, பழைய வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். மேல்கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை ஆயில் ஏறியிருந்தது. "அக்கா, இதுல யாராச்சும் ஆயில் ஊத்துனீங்களா?" இல்லை என்றேன். "ஊத்தாம எப்படிக் கூடும்?" ஒரு சொட்டை என் விரலில் வைத்து மோந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோல் பங்க் வாசம் அடித்தது. ஆயில் விரலில் ஒட்டவே இல்லை, தண்ணீர் மாதிரி வழிந்தது.

அப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து விளக்கினார். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைபோகிற பாதையில் தேன்கூடு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் போகும்போது புகை நல்ல சூடாக இருப்பதால் அந்தக் கரி தானாகவே எரிந்து சாம்பலாகிவிடும். ஊருக்குள் ஓட்டினால் அந்தச் சூடு வராது. கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு அளவுக்கு மேல் சேர்ந்ததும் வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீச்சி, வடிகட்டியை 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரிக்கப் பார்க்கும். அதற்குக் கால் மணி, இருபது நிமிஷம் விடாமல் ஓட வேண்டும். நானோ ஒவ்வொரு தடவையும் பாதி எரியும்போது பள்ளிக்கூட வாசலில் சாவியைத் திருப்பியிருக்கிறேன். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலோடு போய்க் கலந்திருக்கிறது. அதனால்தான் ஆயில் கூடியது. அப்படியே ஓட்டியிருந்தால் வடிகட்டி என்ன, எஞ்சினே போயிருக்கும் என்றார். அடுப்பைப் பற்றவைத்துப் பற்றவைத்து, சோறு வேகுமுன் அணைத்தது போலத்தான். இதை விற்கும்போது ஒருவர் சொல்லியிருந்தால் நான் பெட்ரோலுக்கே போயிருப்பேன்.

ஆயிலும் ஸ்கேனரும் சேர்ந்து 7,700 ரூபாய். பிறகு அவரே முன்சீட்டில் உட்கார்ந்து, சமயநல்லூர் தாண்டி நாலுவழிச் சாலையில் நாலாவது கியரிலேயே எழுபதில் ஓட்டச் சொன்னார். வாடிப்பட்டி வருவதற்குள் விளக்கு அணைந்தது. 1,38,000 ரூபாய் அங்கே அணைந்த மாதிரி இருந்தது எனக்கு. எல்லா அடைப்பும் இப்படிச் சரியாகும் என்று நம்பி விளக்கோடு ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். மஞ்சளாக இருக்கும்போதே நெடுஞ்சாலைக்குப் போனால்தான் உண்டு. இழுப்பு குறைந்துவிட்டாலோ சிவப்பு எரிந்தாலோ ஓரங்கட்டிவிட வேண்டியதுதான். எரித்துக்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவர் சொன்ன அடையாளங்கள் இன்றும் உதவுகின்றன. நிற்கும்போது எஞ்சின் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், மீட்டரில் மைலேஜ் திடீரென்று சரியும், லேசாகத் தீய்ந்த வாசம் வரும், வண்டியை நிறுத்தின பிறகும் ஃபேன் இரைந்துகொண்டிருக்கும். அப்போது சாவியை எடுக்கக்கூடாது.

அதன் பிறகு ஒரு ராத்திரி, ஆபீஸ் பழக்கத்தில், தண்டமாகப் போனதை மட்டும் எழுதிக் கூட்டினேன். வரி ஏறினதில் 48,600, காப்பீட்டில் 21,000, கேட் 38,000, சர்வீஸ் சென்டர் 11,400, மெக்கானிக் 7,700, ஆட்டோ 4,200. மொத்தம் 1,30,900. முந்தின வருடத்து வண்டி என்பதால் விற்கும்போது குறையப்போவது இதில் இல்லை. டீசலுக்குக் கொடுத்த ஒன்றேமுக்கால் லட்சமும் இல்லை.

இப்போது என்னிடம் கேட்டு வண்டி எடுக்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதச் சொல்கிறேன். எங்கே போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம். எங்கள் ஆபீசில் ஒருவர் தினமும் தேனிக்குப் போய்வருகிறவர். அவருக்கு டீசல் வெல்லம், அவர் வண்டியில் அந்த விளக்கு எரிந்ததே இல்லை. என்னை மாதிரி ஊருக்குள் சுற்றுகிறவர்களுக்குச் சாதாரண பெட்ரோல் போதும். நின்று நின்று போகிற டிராஃபிக்கில் மைலேஜ் வேண்டும் என்றால் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் வண்டிகளில் வரும், பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி ஓட்டுகிற ஸ்ட்ராங் ஹைபிரிடைப் பார்க்கலாம். ஆனால் பேட்டரி டிக்கியில் இடத்தைத் தின்றிருக்கும், பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதில் நாலு மீட்டருக்குள் இருக்கிற சின்ன எஞ்சின் வண்டிகளுக்கு 18 சதவீதம்தான், அதைத் தாண்டினால் 40. முன்பு என் வகை வண்டிக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு 45 இருந்தது, அதில் ஐந்து குறைந்திருக்கிறது. ஆனால் சின்னதுக்கும் பெரியதுக்கும் நடுவில் இருந்த இடைவெளி கூடிவிட்டது. டிக்கிக்காக அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டுமா என்று நானாக இருந்தால் இப்போது யோசிப்பேன். கொடைக்கானலுக்கு வருடத்தில் இரண்டு நாள் ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுக்கலாம், டிரைவரோடு. கிளட்சும் என் பாடு இல்லை. காளவாசல் நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து என் இடது முழங்கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. அப்பாவின் முழங்காலுக்காக வாங்கிய வண்டி!

தண்ணீர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் கடைசியில் மழை கொட்டி, செல்லூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அந்த வாரம் தெரிந்தவர் ஒருவர், உயரமான வண்டிதானே என்று ஒரு சுரங்கப்பாதைக்குள் இறக்கிவிட்டார். நடுவில் எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட் செய்தார். அதுதான் தப்பு. உள்ளே போன தண்ணீர் எஞ்சினை உடைத்துவிட்டது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக எடுக்காவிட்டால் சாதாரணப் பாலிசியில் அதற்குக் காசு வராது. மதுரையில் பாதி ஊர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதனால் இந்த ஒன்றுக்கு மட்டும் யோசிக்காமல் பணம் கட்டுங்கள்.

வண்டியை விற்கவில்லை. விற்றால் வருகிற விலையைக் கேட்டேன், பேசாமல் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் பழைய ஸ்கூட்டர் ஒன்று 35,000க்கு வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்கும் வெளியூருக்கும் மட்டும் கார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாடிப்பட்டி வரை ஓட்டிவிட்டு வருவோம். டோல் இல்லை, போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல், வடிகட்டிக்கும் போதும். பையன் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா என்று நச்சரித்தால் மட்டும் கப்பலூர் டோல் கட்டி அந்தப் பக்கம் போவேன். புரோட்டாவை வண்டிப் பராமரிப்புக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வாடிப்பட்டி போய்த் திரும்பினோம். எங்கள் சந்து முனைக்கு வந்தபோது ஃபேன் இரைச்சல் கேட்டது. நிற்கும்போது எஞ்சின் சுற்று காட்டுகிற முள் ஆயிரத்தில் நின்றது, எப்போதும் எண்ணூறுக்குக் கீழே இருக்கும். தீய்ந்த வாசம் லேசாக. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டைத் தாண்டி அப்படியே பைபாஸ் ரோட்டுக்கு வண்டியை விட்டேன். பையன், "அம்மா, வீடு அங்கிட்டுப் போயிருச்சும்மா" என்று கத்தினான். பின்சீட்டில் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்த அப்பா சொன்னார், "விடுறா, வண்டிக்கு இன்னும் செரிக்கல."